பக் எங்கன்னு கேக்காதீங்க

ஆபீஸ்ல என்கூட வேலை பாக்குறவர் ஒருத்தர், வயசு நாப்பத்தஞ்சுக்கு மேல இருக்கும், பகல்ல எக்செல் ஷீட்டோட மல்லுக்கட்டுற மனுஷன், ராத்திரியானா ஐஸ் ஹாக்கி ஆடப் போயிடுவார், அதுலயும் கோலி, அதான் கோல் கீப்பர், பக்குங்கிற கறுப்பு ரப்பர் வில்லை வலைக்குள்ள போகாம தடுக்கிறவர். ஒரு நாள் என் சீட்டுக்கிட்ட வந்து நின்னு, "நீங்கதான் போட்டோல்லாம் எடுப்பீங்கல்ல, எனக்கு ஒரே ஒரு போட்டோ வேணும், நான் பக்கை தடுக்கிற மாதிரி. இதுவரைக்கும் யார் எடுத்தாலும் பக் எனக்குப் பின்னாடி வலைக்குள்ளதான் கெடக்கு"ன்னார். எனக்கு சிரிப்பு தாங்கல, ஒரு மேட்ச் போதும் எடுத்துத் தர்றேன்னு வாய் விட்டுட்டேன். அதுக்கு முன்னாடி நான் எடுத்ததெல்லாம் பறவை, பூ, சொந்தக்காரங்க, இவ்ளோதான். பறவையே பறக்குது, மனுஷன் என்ன பண்ணிடப் போறான்னு ஒரு தெனாவட்டு.

அந்த ஒரு போட்டோவுக்கு ரெண்டு சீசன் ஆச்சு.

முதல் தடவை போனப்ப மேட்ச் ராத்திரி பத்தே முக்காலுக்கு. ஏன் இந்த நேரம்னு கேட்டா, நல்ல நேரமெல்லாம் பசங்க டீமுக்கும் ஃபிகர் ஸ்கேட்டிங் க்ளாஸுக்கும் போயிடும், மிச்சம் மீதி இருக்கிற நேரம்தான் இந்த மாதிரி காசு குடுத்து ஆடுற பெரியவங்களுக்கு. ரிங்க்குக்குள்ள, அதான் ஐஸ் அரங்கத்துக்குள்ள, போனா முதல்ல மூக்குல ஏறுறது குளிர் இல்ல, ஈரமான க்ளவ்ஸ் நாத்தம், அது ஒரு தனி உலகம், விடுங்க. கேலரியில மொத்தமே நாலு பேர், அதுல ஒருத்தர் தூங்கிட்டு இருந்தார். ஐஸைப் பாத்தா நல்லா வெள்ளையா பளபளன்னு வெளிச்சமா தெரியுது, ஆகா லைட்டு பிரச்சனையே இல்லன்னு கேமராவ ஆட்டோ மோடுல போட்டு தட்ட ஆரம்பிச்சேன். அறநூறு போட்டோ. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர்ல திறந்து பாத்தா ஐஸ் எல்லாம் சிமெண்டு கலர், ஆளுங்க எல்லாம் கரி உருவம், பாதி போட்டோ ஆரஞ்சு பாதி பச்சை, கை கால் எல்லாம் பிசிறு. பக் எங்கயுமே இல்ல. சத்தியமா ஒரு போட்டோல கூட இல்ல.

நம்ம கண்ணு பண்ற ஏமாத்து வேலை அது. நாம பாத்தா வெளிச்சமா இருக்கிற ரிங்க் கேமராவுக்கு சாயங்காலம் ஏழு மணி மாதிரி. இதுல கேமராவோட மீட்டர் வேற ஒரு கூத்து பண்ணும், அது எதைப் பாத்தாலும் நடுத்தரமான சாம்பல் நிறம்னு நெனைச்சுக்கிட்டு கணக்கு போடுற ஜென்மம், முன்னாடி இருக்கிறது முக்கால்வாசி வெள்ளை ஐஸ்னா ஐயோ ரொம்ப வெளிச்சம்னு பயந்து போட்டோவ இருட்டாக்கிடும். அதனாலதான் ஐஸ் சிமெண்டு ஆனது. மீட்டர் சொல்றதுக்கு மேல ஒரு ஸ்டாப் அளவு, அதாவது ரெண்டு மடங்கு வெளிச்சமா, கூட்டி வச்சாத்தான் ஐஸ் ஐஸா தெரியும். நான் இப்போ மேனுவல்தான், வார்ம்-அப் நடக்கும்போதே ரெண்டு மூணு போட்டோ எடுத்து ஹிஸ்டோகிராம், அதான் வெளிச்சம் எவ்ளோன்னு காட்டுற வரைபடம், பாத்து, ஸ்கேட் கீறின கோடு ஐஸ்ல மறையாம தெரியுதான்னு பாத்துட்டு அப்படியே பூட்டிடுவேன், மேட்ச் முழுக்க அதுல கை வைக்கிறதே இல்ல. ரிங்க்ல வெயிலும் வராது மேகமும் வராது, ஒரு தடவை சரியா வச்சா முடிஞ்சது கதை. அரங்கத்தோட ஒரு முனையில மட்டும் லைட்டு ரெண்டு எரியாம இருந்தா வேற விஷயம், அப்படி ஒரு இருட்டு மூலை நான் போன எல்லா ரிங்க்லயும் இருக்கு, என்ன சாபமோ, கோல் எல்லாம் அங்கதான் விழும்.

அப்புறம் ஷட்டர் ஸ்பீடு, அதாவது கேமராவோட கதவு எவ்ளோ நேரம் திறந்திருக்குங்கிறது. இதுக்கு நான் பேப்பர்ல கணக்கு போட்டேன், போட்டப்புறம்தான் புத்தி வந்துது. பக்ங்கிறது 3 இன்ச் அகலம் 1 இன்ச் தடிமன் இருக்கிற கெட்டி ரப்பர் வில்லை, 160 கிராம் சொச்சம் எடை, ரொம்ப துள்ளாம இருக்கணும்னு மேட்ச்சுக்கு முன்னாடி ஃப்ரீசர்ல வச்சு எடுப்பாங்க. ப்ரொஃபஷனல் ஆளுங்க அடிச்சா மணிக்கு 160 கிலோமீட்டருக்கு மேல போகும், நம்ம ஆபீஸ் கோஷ்டி அடிக்கிறது அவ்ளோ இல்ல, ஒரு பேச்சுக்கு 100னு வச்சுக்குவோம். அப்போ ஒரு செகண்டுக்கு 28 மீட்டர் கிட்ட. 1/500 செகண்டுல எடுத்தா ஷட்டர் திறந்து மூடுறதுக்குள்ள பக் அஞ்சரை சென்டிமீட்டர் நகந்துடுது, அதாவது தன் அகலத்துல முக்கால்வாசி. கறுப்பா ஒரு இழுப்பு விழும், அவ்ளோதான். 1/1000னா அது பாதியாகும். ஆனா ஷட்டர் ஸ்பீடு ரெண்டு மடங்கானா வெளிச்சம் பாதி, ஐஎஸ்ஓவ, அதான் கேமரா வெளிச்சத்தை உணர்ற அளவை, ஏத்தணும், கிரெய்ன், அதான் மணல் மாதிரி புள்ளி, கொட்டும். ஆளு ஸ்கேட் பண்றது மணிக்கு 30 கிலோமீட்டர்னா 1/500ல ஒன்றரை சென்டிமீட்டர் சொச்சம்தான் நகருறார், அது ஓகே. அதனால என் சமரசம் என்னன்னா 1/640 இல்லன்னா 1/800, அபெர்ச்சர், அதான் லென்ஸ் திறப்பு, 2.8, ஐஎஸ்ஓ 3200ல இருந்து 6400, ரொம்ப இருட்டான ரிங்க்னா அதுக்கும் மேல. பக் கொஞ்சம் இழுத்தா இழுத்துட்டுப் போகட்டும், அதுவும் ஒரு வேகம்தான். கிரெய்ன் இருந்தா யாரும் குறை சொன்னதில்ல, முகம் பிசிறினா மட்டும் எல்லாரும் குறை சொல்றாங்க.

லென்ஸ் பத்தி கேப்பீங்க. 70-200 எம்எம் 2.8 ஜூம் லென்ஸ் இருந்தா கண்ண மூடிட்டு எடுத்துட்டுப் போங்க, இல்லன்னா 85 எம்எம் 1.8 பிரைம் லென்ஸ், அதான் ஜூம் ஆகாதது, ஒன்னு போதும், கிட்ட வர்றப்ப மட்டும் எடுங்க, தூரத்துல நடக்கிறத விட்டுடுங்க. விலை அதிகமா இருக்கிற லென்ஸ் இல்லாததால நான் இழந்த போட்டோவ விட, தப்பான இடத்துல நின்னதால இழந்த போட்டோ பத்து மடங்கு. ஃப்ளாஷ் மட்டும் எடுத்துட்டுப் போகாதீங்க. கண்ணாடியில பட்டு திரும்பி உங்க மேலயே அடிக்கும், அதை விட முக்கியம் பக் வர்ற நேரத்துல கோலி கண்ணுல அடிச்சா அவர் உங்கள மன்னிக்க மாட்டார். பெரிய லீக் மேட்ச்ல எல்லாம் கூரை மேல பெரிய பெரிய ஸ்ட்ரோப் லைட்டு கட்டி ரேடியோல வெடிக்க வைப்பாங்க, அந்தப் போட்டோவப் பாத்துட்டு நம்ம போட்டோவப் பாத்தா தாழ்வு மனப்பான்மை வரும், பாக்காதீங்க.

இப்போ அந்த ஆரஞ்சு பச்சை மர்மம். இதுக்காக ஒரு மாசம் தூக்கம் போச்சு. கேமரா ரிப்பேர்னே நெனச்சேன். ஒரே செகண்டுல தொடர்ந்து எடுத்த எட்டு போட்டோ, முதல் போட்டோ மஞ்சள், ரெண்டாவது நார்மல், மூணாவது இருட்டு, நாலாவது மேல் பாதி நீலம் கீழ் பாதி பழுப்பு. ஒரே ஆளு, ஒரே இடம், ஒரே செட்டிங். விஷயம் என்னன்னா பழைய ரிங்க்ல மேல தொங்குற மெட்டல் ஹாலைடு மாதிரி லைட்டெல்லாம் தொடர்ந்து எரியறதில்ல, கரண்டோட சேர்ந்து துடிக்குது, 50 ஹெர்ட்ஸ் கரண்டுனா செகண்டுக்கு 100 தடவை, 60 ஹெர்ட்ஸ்னா 120 தடவை கூடிக் குறையுது, கூடுறப்ப ஒரு நிறம் குறையறப்ப ஒரு நிறம். நம்ம கண்ணுக்கு அது தெரியாது. 1/800ல எடுக்கிற கேமரா அந்தத் துடிப்புல ஒரு சின்ன துண்டை மட்டும் வெட்டி எடுக்குது, எந்தத் துண்டு மாட்டுச்சோ அதுதான் உங்க நிறம், லாட்டரி மாதிரி. இன்னும் கொடுமை, சில இடத்துல லைட்டை எல்லாம் மூணு ஃபேஸ்லயும் பிரிச்சு குடுத்திருப்பாங்க, அப்போ ஒரு லைட்டு உச்சத்துல இருக்கிறப்ப பக்கத்து லைட்டு தாழ்ந்து இருக்கும், ஆளு ஒரு நிறம் அவர் பின்னாடி போர்டு, அதான் ரிங்க் சுத்துச் சுவர், வேற நிறம்.

கரண்டுக்கு ஏத்த மாதிரி 1/100 இல்லன்னா 1/125ன்னு வச்சா கிட்டத்தட்ட ஒரு முழு துடிப்பும் உள்ள அடங்கிடும், நிறம் சரியாகிடும், ஆனா ஹாக்கி ஆடுறவங்க எல்லாரும் ஆவி மாதிரி தெரிவாங்க. கேனான் 2014ல 7டி மார்க் 2 கேமராவுல ஆன்ட்டி-ஃப்ளிக்கர்னு ஒன்னு குடுத்தாங்க, லைட்டு உச்சத்துக்கு வர்ற வரைக்கும் காத்திருந்து ஷட்டரைத் திறக்கும், இப்போ நெறைய கேமராவுல அது மாதிரி இருக்கு. மெனுவுக்குள்ள எங்கயோ ஒளிஞ்சு கெடக்கும், தேடி ஆன் பண்ணிடுங்க. தொடர்ந்து எடுக்கிற வேகம் கொஞ்சம் குறையும், பரவால்ல. என் பழைய கேமராவுல அது கெடையாது, முதல் சீசன் முழுக்க ஒவ்வொரு போட்டோவா உக்காந்து நிறத்த சரி பண்ணிட்டு இருந்தேன், சரி பண்ண முடியாததை எல்லாம் கறுப்பு வெள்ளையா மாத்தி "கலைநயம்"னு பேர் வச்சேன். ஒருத்தருக்கும் தெரியல. எல்இடி போட்ட புது ரிங்க்னா பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்ல, ஆனா எல்இடிலயும் துடிக்கிறது இருக்கு, நம்பிடாதீங்க, வார்ம்-அப்லயே பத்து போட்டோ தொடர்ந்து தட்டிப் பாத்துக்கோங்க.

அடுத்தது கண்ணாடி. இதுதான் எனக்கும் ஹாக்கிக்கும் நடுவுல நின்ன நிஜமான எதிரி. ரிங்க் சுத்தி போர்டுக்கு மேல நிக்கிற கண்ணாடி முழுக்க பக் அடிச்ச கறுப்புத் தழும்பு, ஸ்டிக் கீறல், போன மேட்ச்ல எவனோ துப்பின தண்ணி காஞ்ச புள்ளி. மூலைப் பக்கமும் கோலுக்குப் பின்னாடியும் ரொம்ப மோசம், பக் அங்கதான் அதிகமா வந்து மோதும். நடுக்கோட்டுப் பக்கம் கொஞ்சம் சுத்தமா இருக்கும். நான் மேட்ச் ஆரம்பிக்கிறதுக்கு இருபது நிமிஷம் முன்னாடி போய் ஒவ்வொரு கண்ணாடியா குனிஞ்சு நிமிந்து பாத்து, வீடு பாக்க வந்தவன் மாதிரி சுத்தி வந்து, ஒரு முழங்கை அகலத்துக்கு கீறல் இல்லாத ஜன்னல் கண்டுபிடிச்சு வெச்சுப்பேன். துணியால துடைச்சா வெளிப்பக்கம் போகும், உள்பக்க அழுக்க ஒன்னும் பண்ண முடியாது. லென்ஸை கண்ணாடியோட ஒட்டி நேரா வைக்கணும், ரப்பர் ஹுட் போட்டா பிரதிபலிப்பு வராது, ஒட்டி வைக்கிறப்ப கண்ணாடியில இருக்கிற சின்ன அழுக்கெல்லாம் ஃபோகஸ் இல்லாம கரைஞ்சு போயிடும். சாய்ச்சு வச்சீங்கன்னா போச்சு, தடிமனான கண்ணாடி வழியா சாய்ஞ்சு பாக்குறப்ப எல்லாமே வெண்ணெய் தடவின மாதிரி வழவழன்னு ஆகிடும், எந்த லென்ஸா இருந்தாலும். நேரா எதிர்ல வர்றத மட்டும் எடுக்கணும், ஓரமா போறத ஆசைப்படாம விட்டுடணும். இந்த ஆசைய அடக்கவே எனக்கு ஆறு மாசம் ஆச்சு.

இப்படித்தான் ஒரு நாள் லென்ஸை நல்லா அழுத்தி ஒட்டி வச்சுக்கிட்டு ஒத்தக் கண்ணால பாத்துட்டு இருக்கேன், ஃப்ரேம்ல ஒருத்தர் பெருசாகிட்டே வர்றார், சூப்பரா வர்றார், ஆகா ஆகான்னு தட்டிட்டே இருக்கேன், வந்தவர் ப்ரேக் போட முடியாம நேரா நான் இருந்த போர்டுலயே மோதினார். அந்தக் கண்ணாடி மோதுனா வளையும்னு எனக்கு அதுவரைக்கும் தெரியாது. கண்ணாடி லென்ஸைத் தள்ள, லென்ஸ் கேமராவத் தள்ள, கேமரா என் புருவத்துல இறங்க, ஒரு வாரத்துக்கு ஆபீஸ்ல எல்லாரும் வீட்ல சண்டையான்னு விசாரிச்சாங்க. அந்த வரிசையில கடைசி போட்டோ நல்லா வந்திருக்கு, அவரோட வாய் திறந்து கண்ணு பிதுங்கி, எனக்கு ரொம்பப் பிடிச்ச போட்டோல ஒன்னு. இப்போ லென்ஸுக்கும் கண்ணாடிக்கும் நடுவுல ஒரு விரல் இடைவெளி, யாராவது கிட்ட வந்தா உடனே பின்னாடி எடுத்துடுவேன்.

கண்ணாடியே வேணாம்னா கேலரி மேல ஏறி நிக்கலாம், கண்ணாடிக்கு மேலாக பாக்கலாம், ஷார்ப்பா வரும், பின்னாடி முழுக்க வெள்ளை ஐஸ்தான் அதனால கசகசன்னு இருக்காது, ஆனா மேல இருந்து பாத்தா எல்லாரும் ஹெல்மெட்டாத்தான் தெரிவாங்க. கோலுக்குப் பின்னாடி மேல கட்டியிருக்கிற வலை வழியாவும் எடுக்கலாம், வலை ஒன்னும் பெருசா தெரியாது. அந்த வலை சும்மா கட்டினது கிடையாது, 2002ல அமெரிக்காவுல கொலம்பஸ் நகரத்துல என்ஹெச்எல், அதான் வட அமெரிக்காவோட பெரிய ஐஸ் ஹாக்கி லீக், மேட்ச்ல கேலரியில உக்காந்திருந்த 13 வயசுப் பொண்ணு பக் பட்டு இறந்து போச்சு, அதுக்கப்புறம்தான் அந்த லீக்ல ரெண்டு முனையிலயும் வலை கட்டணும்னு ஆக்கினாங்க. சின்ன ரிங்க்ல சில இடத்துல வலை பாதிதான் இருக்கும். டீம் உக்காரற பெஞ்சு பக்கம் கண்ணாடி இல்லாம திறந்து இருக்கும், அங்க நின்னு எடுக்க கேட்டா சில டீம் விடுவாங்க, நானும் நின்னிருக்கேன், கண்டிப்பா தலைக்கு ஹெல்மெட்டோட நில்லுங்க. கண்ணு வ்யூஃபைண்டர்ல இருக்கிறப்ப பக்கத்துல இருந்து வர்றது தெரியாது.

சரி, எங்க நின்னா கோலி பக்கைத் தடுக்கிற போட்டோ கிடைக்கும்? முதல்ல நான் என்ன பண்ணேன்னா பக் போற பக்கமெல்லாம் லென்ஸைத் திருப்பினேன். 60 மீட்டர் நீள ஐஸ்ல ஒரு கறுப்பு வில்லையை 200 எம்எம்ல துரத்துறது, நாய்க்குட்டி ஈயத் துரத்தற மாதிரி. எப்பவும் ஒரு நொடி பின்னாடிதான் இருப்பேன். பாஸ்டன் டீமோட ஹாக்கி வீரர் பாபி ஆர் பறக்கிற போட்டோ பாத்திருப்பீங்க, ஹாக்கி தெரியாதவங்களுக்குக் கூட தெரியும், 1970 மே 10, பாஸ்டன் கார்டன் அரங்கம், ஓவர்டைம் ஆரம்பிச்சு 40வது செகண்டுல கோல் போட்டுட்டு, எதிர் ஆளு ஸ்டிக் தடுக்கி ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு காத்துல படுத்திருப்பாரு. அதை எடுத்தவர் ரே லூசியேன்னு ஒரு பத்திரிகை போட்டோகிராஃபர். அவர் நின்னது அவரோட இடமே இல்லையாம், பாஸ்டன் எந்தப் பக்கம் கோல் போடப் பாக்குமோ அந்தப் பக்கம் வந்து, எதையோ குடிக்கலாம்னு எழுந்து போன இன்னொரு போட்டோகிராஃபரோட ஸ்டூல்ல உக்காந்துட்டாருன்னு சொல்வாங்க. எனக்கு அந்தக் கதையில பிடிச்சது அதிர்ஷ்டம் இல்ல, அந்தப் பக்கம் நடந்து வந்தது. அவர் பக்கைத் துரத்தல, பக் வர்ற எடத்துக்கு முன்னாடியே போய் உக்காந்துட்டார். ஸ்டூலை விட்டுட்டுப் போன மனுஷன் என்ன ஆனார்னுதான் நான் அடிக்கடி யோசிப்பேன்.

அதுல இருந்து நானும் துரத்தறத நிறுத்திட்டேன். கோலியோட க்ளவ் வழக்கமா இடது கையில, அதனால அவர் இடது பக்கம், கோல் கோட்டுல இருந்து கொஞ்சம் முன்னாடி தள்ளி ஒரு ஜன்னல். அங்க நின்னா முகமும் தெரியும் க்ளவ்வும் தெரியும் அடிக்கிறவனும் ஓரளவு தெரிவான். ஒவ்வொரு பீரியட்டுக்கும், அதான் மேட்ச்சோட ஒவ்வொரு பகுதிக்கும், பக்கம் மாறுவாங்க, நானும் மூட்டை முடிச்சோட மாறுவேன். ஃபோகஸை கோலி மேல வச்சுட்டு, ஒத்தக் கண்ணு கேமராவுல இன்னொரு கண்ணு வெளிய திறந்து, ஸ்டிக் பின்னாடி போறப்பவே அழுத்த ஆரம்பிச்சுடணும், சத்தம் கேட்டு அழுத்தினா எல்லாம் முடிஞ்சிருக்கும். கோலி முகத்துக் கூண்டு கம்பியில ஃபோகஸ் போய் நிக்கும், போகட்டும், கம்பிக்கும் மூக்குக்கும் நடுவுல எவ்ளோ தூரம் இருந்துடப் போகுது. ஹெல்மெட்டுக்குள்ள முகம் இருட்டா இருக்குமேன்னு நானும் பயந்தேன், ஆனா கீழ இருக்கிற ஐஸே ஒரு பெரிய ரிஃப்ளெக்டர், மேல இருந்து வர்ற வெளிச்சத்த வாங்கி அப்படியே தாடைக்கு அடியில இருந்து மேல அடிக்குது. குனியறப்ப முகம் இன்னும் பிரகாசமா ஆகுது. இதைக் கவனிச்ச அன்னைக்கு எனக்கு ரொம்ப சந்தோஷம், யாருகிட்ட சொல்றதுன்னுதான் தெரியல.

இன்னொரு விஷயம் நானா கண்டுபிடிச்சேன்னு சொல்லிக்கிறேன், ஏற்கனவே ஆயிரம் பேருக்குத் தெரிஞ்சிருக்கும். ஜாம்போனி வண்டி, அதான் ஐஸ் மேல தண்ணி விட்டு வழிக்கிற வண்டி, 1949ல ஃபிராங்க் ஜாம்போனின்னு ஒருத்தர் உருவாக்கினது, அவர் பேரே வண்டிக்கு பேராயிடுச்சு, அது போயிட்டு வந்தவுடனே ஐஸ் கண்ணாடி மாதிரி இருக்கும். அந்த முதல் அஞ்சு நிமிஷம் குனிஞ்சு எடுத்தீங்கன்னா ஆளோட பிம்பம் தலைகீழா கீழ தெரியும். அமெச்சூர் மேட்ச்ல பெரும்பாலும் ஆரம்பத்துல ஒரு தடவை வழிக்கிறதோட சரி, பீரியட்டுக்கு நடுவுல வண்டி வராது. அதனால கடைசி பீரியட்ல ஐஸ் முழுக்க கீறி தூளா கெடக்கும், ஆடறவங்க திட்டுவாங்க, எனக்கு அது ஜாக்பாட், யார் சடன் ப்ரேக் போட்டாலும் இடுப்பு உயரத்துக்கு வெள்ளைத் தூள் தெறிக்கும். முதல்ல பிம்பம், கடைசில தூள், நடுவுல இருக்கிற பீரியட்ல நான் ஆள் கணக்கு எடுப்பேன்.

ஆள் கணக்குன்னா, இது முக்கியம். முதல் சில மேட்ச் முடிஞ்சு போட்டோ அனுப்பினப்ப எல்லாரும் நன்றி சொன்னாங்க, ஒருத்தர் மட்டும் ரொம்ப தயங்கி "என்னோடது ஒன்னும் இல்லையா"ன்னு கேட்டார். தேடிப் பாத்தா நெஜமாவே இல்ல. நல்லா ஆடுற ரெண்டு பேரு மேலயே என் லென்ஸ் சுத்திட்டு இருந்திருக்கு, அவங்க முன்னூறு போட்டோ, இவர் ஒரு போட்டோல பாதி முதுகு. இவரும் அதே காசு குடுத்து அதே பதினோரு மணிக்கு தூக்கத்த விட்டுட்டு வர்றவர்தான். நல்லா ஆடறவனுக்கு போட்டோ இல்லன்னாலும் கோல் இருக்கு. அன்னைல இருந்து பாக்கெட்ல ஒரு துண்டுப் பேப்பர், ரெண்டு டீம் ஜெர்சி நம்பரும் எழுதி, முகம் தெரியற மாதிரி ஒன்னு கிடைச்சா டிக். எதிர் டீமையும் சேத்துத்தான், அவங்க கோலியும் பாவம் யாரோட ஆபீஸ் நண்பரோ. அந்த மனுஷனுக்கு போட்டோ எடுக்கிறது லேசுல்ல, ஐஸ்ல ஏறி முக்கால் நிமிஷத்துல மூச்சு வாங்கி எறங்கிடுவார், அதுக்குள்ள ஒரு தடவை விழுந்துடுவார். கடைசில பெஞ்சு சுவத்தைத் தாண்டி ஐஸ்ல குதிக்கிறப்ப எடுத்தேன், ஒரு கால் காத்துல, முகத்துல எட்டு வயசுப் பையன் சிரிப்பு. விழறதுக்கு ரெண்டு செகண்டு முன்னாடி.

பசங்க மேட்ச் எடுக்கக் கூப்பிட்டாங்கன்னா முதல்ல டீம் மேனேஜர்கிட்டயும் அப்பா அம்மாகிட்டயும் கேட்டுடுங்க, ரிங்க்லயும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க, முகத்தோட பேரையும் சேர்த்து எங்கயும் போடாதீங்க. பெரிய லென்ஸ் வச்சுக்கிட்டு தெரியாத ஆளு குழந்தைங்கள எடுத்தா நான் ஒரு பெத்தவனா இருந்தா என்ன பண்ணுவேனோ அதைத்தான் அவங்களும் பண்ணுவாங்க.

குளிர் விஷயம் சீக்கிரம் சொல்லிடறேன். ஒரு பேட்டரி எக்ஸ்ட்ரா, சட்டை உள் பாக்கெட்ல, உடம்புச் சூட்டுல. மேட்ச் முடிஞ்சு கேமராவ நேரா வெதுவெதுப்பான ரூமுக்குள்ள எடுத்துட்டுப் போனா லென்ஸ் முழுக்க வேர்த்துடும், பைக்குள்ள வச்சு ஜிப்பைப் போட்டு ஒரு மணி நேரம் அப்படியே விடுங்க, மெமரி கார்டை மட்டும் முன்னாடியே கழட்டிக்கோங்க, இல்லன்னா அந்த ஒரு மணி நேரம் பையைச் சுத்திச் சுத்தி வருவீங்க. போட்டோவ நேராக்கறப்ப ஐஸ் மேல இருக்கிற கோட்டை நம்பாதீங்க, பாக்குற கோணத்துல அது எப்பவும் சரிஞ்சுதான் இருக்கும், கண்ணாடிக்கு நடுவுல நிக்கிற கம்பத்தை செங்குத்தா வச்சா மிச்சமெல்லாம் தானா நிக்கும்.

இப்போ அந்த கோலி. ரெண்டாவது சீசன் கடைசிக்கு முந்தின மேட்ச். அதுவரைக்கும் அவர் கோல் வாங்குற போட்டோ என்கிட்ட எத்தனை இருக்குன்னு கேக்காதீங்க, ஒரு ஆல்பமே போடலாம். தடுக்கிற நேரத்துல எல்லாம் குறுக்க ரெஃபரி வந்து நிப்பார், அந்தக் கறுப்பு வெள்ளைக் கோடு சட்டைன்னாலே எனக்கு இப்போ அலர்ஜி, ஃபோகஸ் வேற ஓடிப்போய் அந்தக் கோட்டுலதான் ஒட்டிக்கும். இல்லன்னா அவர் டீம் ஆளே மறைப்பார். இல்லன்னா நான் அப்பத்தான் கையை ஊதி சூடாக்கிட்டு இருப்பேன். அன்னைக்கு ஒருத்தன் தனியா பக்கை எடுத்துட்டு வர்றான், நடுவுல யாரும் இல்ல, ரெஃபரி பின்னாடி, ஜன்னல் சுத்தம், லைட்டு எரியுது, ஸ்டிக் பின்னாடி போச்சு, நான் அழுத்திட்டேன், மனுஷன் இடது கைய வீசி எட்டிப் பிடிச்சாரு. பெஞ்சு மொத்தமும் ஸ்டிக்கால போர்டைத் தட்டுது. கேமரா பின்னாடி ஸ்க்ரீன்ல பாத்தேன். ஷார்ப். கூண்டுக்குள்ள கண்ணு தெரியுது, காலடியில தூள் பறக்குது, க்ளவ் தலைக்கு மேல. கை நடுங்குச்சு, குளிர்னு சொல்லிக்கிட்டேன்.

ட்ரெஸ்ஸிங் ரூம் வாசல்லயே நின்னு காட்டினேன். மாஸ்க்கை மேல தள்ளிட்டு, வேர்வை சொட்டச் சொட்ட ரொம்ப நேரம் உத்துப் பாத்தார். பெருசாக்கினார். இன்னும் பெருசாக்கினார்.

"பக் எங்க?"

"க்ளவ்வுக்குள்ள இருக்கு."

"தெரியலயே."

"புடிச்சிட்டீங்க, மூடிட்டீங்க, எப்படித் தெரியும்?"

"அப்போ நான் சும்மா கைய தூக்கிட்டு நிக்கிற மாதிரி இருக்கே. யாரு நம்புவாங்க?"

தொடர்ந்து எடுத்ததுல அதுக்கு முந்தின போட்டோவப் பாத்தேன். அதுல பக் தெரியுது, அழகா, காத்துல, க்ளவ்வுக்கு ஒரு அடி முன்னாடி. ஃபோகஸ் மட்டும் அவருக்குப் பின்னாடி போர்டுல இருக்கு. அதை அவர்கிட்ட காட்டல. அடுத்த சீசன்ல காலால தடுக்கிறது ஒன்னு எடுத்துடலாம், பேட்ல பட்டுத் திரும்பறப்ப பக் நல்லா தெரியும்னு சொல்லியிருக்கேன். சரின்னுட்டு தண்ணி பாட்டில எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டார்.